ஃபேனை நிறுத்திப் பார்த்த உயரம் தாண்டுதல்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு மதியம். வெள்ளறடையில் சித்தப்பா வீட்டு டிவியில் சர்வதேச ஜூனியர் தடகளப் போட்டி, ஆண்கள் உயரம் தாண்டுதல், நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிவிட்டு வந்த சித்தப்பாவும் அக்கம்பக்கத்து ஆட்களுமாக அறை நிறைந்திருந்தது. மிச்சமிருந்தது இரண்டே பேர். எந்த நாட்டுக்காரர்கள் என்றுகூட எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கமுகு மாதிரி மெலிந்து உயர்ந்திருந்த ஒரு பையனை எல்லோரும் எங்கள் ஆளாக்கிக்கொண்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவருவான், அதுதான் காரணம்.

அவனுக்குக் கடைசி வாய்ப்பு. ஓடி வந்தான், முதுகை வளைத்துத் தாண்டினான். குதிகால் உரசிவிட்டது. குறுக்குக் கம்பு ஆட ஆரம்பித்தது.

"எலே, ஃபேனை நிறுத்து! காத்துல கம்பு விழுந்திரும் கேட்டியா!" என்று சித்தப்பா அலறினார்.

ஃபேன் சுற்றுவது எங்கள் தலைக்கு மேல்; கம்பு ஆடுவது ஏதோ ஒரு கண்டத்தில். கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சித்தப்பா, அது டிவியாக்கும்!" என்று கத்தினேன்.

அதற்குள் சித்தி சுவிட்சைத் தட்டிவிட்டாள். வியர்வை வழிய, மூச்சுவிடாமல் பார்த்தோம். கம்பு இன்னொரு முறை சிலிர்த்து, அப்படியே நின்றுவிட்டது. அறையே எழுந்து குதித்தது.

"கண்டியா மக்கா? ஃபேனை நிறுத்துனதுனாலயாக்கும் நின்னது!" என்றார் சித்தப்பா என்னிடம்.

திரையில் எதிராளி ஓடத் தயாராகிக்கொண்டிருந்தான். பாய்ந்து போய் ஃபேனைப் போட்டு, ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகினேன்.