லோமேயில் குளிர்ச்சட்டையோடு வந்தவன்

பிள்ளைகளே, கிட்ட வந்து இருங்கள். இது நான் கட்டின கதை இல்லை. டென்மார்க்கில் டோஸ்ட்ருப்பில் இருக்கிற அஜந்தினிக்குப் போன மாசி மாதம், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் அவளையே கேட்கலாம். அழாமல், குரலை உயர்த்தாமல் சொல்லுவாள். அப்படி மரத்துப்போய் இருக்கிறாள்.

அவளுடைய ஒரே மகன் ஜெரோசன், தண்ணீர்ப் பம்பு பூட்டுகிற வேலைக்காக ஆபிரிக்காவில் லோமே என்கிற நகரத்துக்குப் போயிருந்தான். தனியே அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. இறங்கியதும் கூப்பிடு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

மதியம் பன்னிரண்டேகால். இங்கே வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. ஓடுகிற டாக்ஸிக்குள் இருந்து வீடியோவில் வந்தான்.

"அம்மா, என்ன வெக்கை! சோத்துப்பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்திலை அடிக்குது."

போனை வெளியே திருப்பிக் காட்டினான். ஒரே மோட்டார் சைக்கிளில் நாலு பேர். தலையில் பாண் தட்டை வைத்து, கையால் பிடிக்காமலே நடக்கிற ஒரு பெண். வீதிக்குப் பக்கத்திலேயே கடல். அஜந்தினி சிரித்தாள்.

"கொம்பனிக் கார் வரேல்லையோ?"

"இல்லை. ஒரு தமிழ்ப் பெடியன்தான் டாக்ஸி பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறான். அப்பாவைத் தெரியுமாம்."

புருஷன் யோசேப்பையா? லோமேயிலா?

பக்கத்தில் இருந்தவனைக் காட்டினான். இருபது வயது இருக்கும். கழுத்து வரை பூட்டிய தடித்த குளிர்ச்சட்டை. புதுசு... விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"அக்கா, அங்கை சரியான குளிரோ?"

"ஓம்..." வாய் தன்பாட்டில் சொன்னது.

"எங்களை எப்ப அனுப்புவினமாம்?"

அவள் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"ஜெரோ, இறங்கு."

"ரோலி, ரோலி," என்றான் மகன் டேனிஷில். பதறாதே என்று.

"இறங்கடா!"

கிர்ர்ர்...

படம் நின்றது.

திரும்பத் திரும்ப அடித்தாள். பதில் இல்லை. குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தாள். எதற்கென்று தெரியாமல் பை முழுவதையும் உரித்து முடித்தாள். அப்போதுதான் புருஷன் யோசேப் வேலையால் வந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டான்.

"சட்டை என்ன நிறம்?"

"மண்ணிறம்."

"இன்னாசித்தம்பி..."

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. முப்பது வருசத்துக்கு முன்னம் ஏஜென்சிக்காரன் யோசேப்பையும் வேறு ஐந்து பேரையும் லோமேயில் ஒரு அறையில் வைத்திருந்தானாம், ஐரோப்பாவுக்கு அனுப்ப.

"விலாசம் வைச்சிருந்த ஆக்களை முதல் அனுப்பினவன். இன்னாசித்தம்பிக்கு இஞ்சாலை ஒருத்தரும் இல்லை. போய்ச் சேர ஒரு வீடு இல்லை. கடைசியா விட்டுட்டான். காய்ச்சல் வந்து என்ரை மடியிலைதான் போனவன். இஞ்சத்தைக் குளிருக்கெண்டு வாங்கின அந்தச் சட்டையோடைதான் மண்ணுக்கை தாட்டனாங்கள்."

போன் அடித்தது.

ஜெரோசன். ஹோட்டலில் நிற்கிறானாம். சுகமாம்.

"பயந்திட்டீங்களோ? சிக்னல் போயிட்டுது."

"அந்தப் பெடியன்?" யோசேப்தான் கேட்டான்.

"வாசலிலை விட்டுட்டுப் போயிட்டான். பாவம் அப்பா, டென்மார்க்குக்கு வர ஒரு விலாசம் இல்லையாம்."

யோசேப் அஜந்தினியைப் பார்த்தான்.

"எங்கடை வீட்டு விலாசத்தைக் குடுத்தனான். பிழையோ?"

யோசேப் போனை மேசையில் வைத்தான். எழும்பிப் போய் முன்கதவின் பூட்டைத் திறந்துவிட்டு வந்து, திரும்பவும் இருந்தான்.

ஏன் என்று அஜந்தினி கேட்கவில்லை.