எண்ணெய் பூசிய சறுக்குக்கட்டை

அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர்த் தேரின் சக்கரத்துக்கு முன்னால் சறுக்குக்கட்டை போட்டு அதை நிறுத்துகிறவர் அவர். ஒடிசலான கறுத்த உடம்பு. கட்டையைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தெருமண்ணில் தேய்த்துக்கொள்வார்.

போன தேரோட்டத்தன்று கட்டைகளுக்கு நான் நல்லெண்ணெய் பூசிச் சந்தனம் வைத்தேன். பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

“எவம்லே கட்டையில எண்ணெயத் தேச்சது?”

“நாந்தான் அண்ணாச்சி. பூசை வைக்க வேண்டாமா?”

“பூசையா? தெரு ஆத்தப் பாத்துச் சரிஞ்சு கெடக்கு. கட்டை வழுக்கிச்சுன்னா வடம் இழுக்குத சனத்து மேலதான்வே தேர் ஏறும்! எண்ணெய அச்சுல ஊத்தும், அங்கன உருளணும். இங்கன பிடிச்சு நிக்கணும்வே!”

அத்தனை பேர் முன்னால், சந்தனம் வைத்த கட்டைகளை எட்டி உதைத்தார். காய்ந்த கட்டைகள் வரும்வரை தேரை அசையவிடவில்லை. குறித்த நல்ல நேரம் தவறியது. எனக்கு ரத்தம் கொதித்தது.

சரிவில் சக்கரம் கட்டையில் ஏறி உரசியபோது மரம் கருகும் வாசனை வந்தது. தேர் முனகிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கு இரண்டு முழம் முன்னால், வடத்தைப் பிடித்தபடி என் மனைவி நின்றிருந்தாள்.

அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை என் கோபம் விடவில்லை.