ஊடு என்றால் தப்பா?

போன சனிக்கிழமை, செல்போன் திரையில் தெரிந்த ஒரு மேடத்தை எதிர்த்துப் பேசிவிட்டேன். நானா? பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள் நான்!

என் தங்கை பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறாள். அவள் மகள் கோகிலாவுக்கு ஆறு வயது. 'க' வராது, 'த'தான் வரும். பெயர் கேட்டால் 'தோதிலா' என்பாள். வகுப்பில் பிள்ளைகள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்க, பள்ளிக்கூடத்தில் பேசுவதையே விட்டுவிட்டாள். டீச்சர் பெயர் கேட்டாலும் தலையைக் குனிந்து நிற்பாளாம்.

அதனால் வாரம் ஒரு நாள், வீடியோ காலில் பேச்சுப் பயிற்சி. தங்கை வீட்டில் தறிச் சத்தம்... சொல்லித்தரும் மேடத்துக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே வகுப்பு பக்கத்துத் தெருவில், என் வீட்டில். போனைப் பிடித்துக்கொள்வது என் வேலை. என் முகம் மட்டும் அதில் விழாமல் பார்த்துக்கொள்வேன்.

மேடம் சென்னைக்காரர். தன்மையானவர். அன்று ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு வீடு வந்தது.

"ஊடு" என்றாள் கோகிலா.

"வீ...டு. மேல் பல்லை உதட்டில் வெச்சுச் சொல்லுங்க."

"ஊடு."

மூன்று தடவை ஆயிற்று. "'வ'வும் வரலை போலிருக்கே" என்று மேடம் எதையோ குறித்துக்கொண்டார். கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் மூடிய வாய் இங்கேயும் மூடிக்கொண்டால்?

போனை என் பக்கம் திருப்பினேன்.

"மேடம்... வந்துங்க... எங்க பக்கம் எல்லாருமே ஊடுன்னுதானுங்க சொல்லுவோம். வாழப்பழம்னு கேட்டுப் பாருங்க, பாப்பா நல்லாச் சொல்லுமுங்க."

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் விடுவாரா? "அவளும் ஊடுதானுங்க மேடம்! அவளையும் கிளாஸ்ல சேத்துக்குங்க!"

மேடம் சிரித்துவிட்டார். "அப்போ தப்பு என்னோடது. சாரி கோகிலா. ஊ...டு. சரியா?"

கோகிலா மெல்ல நிமிர்ந்தாள். "இல்ல. இன்னொருத்தா சொல்லுந்த."

இன்னொருக்கா சொல்லுங்க என்கிறாள்! மேடமும் சளைக்காமல் சொன்னார் — நாலு தடவை. அதற்குப் பிறகு இவள் வாய் ஓயவே இல்லை.

எது குறை, எது ஊர்ப் பேச்சு... இருநூறு மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாம்தானே சொல்ல வேண்டும்? கூச்சம் நமக்கு, நஷ்டம் குழந்தைக்கு.

புதன்கிழமை தங்கை மூச்சிரைக்க வந்தாள். வகுப்பில் டீச்சர் பெயர் கேட்டாராம். எழுந்து நின்று, சத்தமாக, 'தோதிலா' என்றிருக்கிறாள். யாரோ சிரித்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாளாம்:

"இரு... 'த' வந்துட்டிருத்து!"

'க'தானே? வரட்டும் சாமி. மெதுவாகவே வரட்டும்.