ஒரு முட்டி உயரத்தில் வியாழன்

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைத் தொட்டால் உள்ளங்கை கருத்துப்போகும். நிலக்கரித் தூள் என்பார்கள் சிலர், லாரிப் புகை என்பார்கள் சிலர்; நான் இரண்டு தரப்பையும் நம்பியதில்லை. அந்த வயதில் நான் எதையுமே நம்பியதில்லை. ஏழாம் வகுப்பு அறிவியல் மிஸ், பூமி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னபோதும், ஓடினால் மாடியில் காயும் துணி ஏன் பறக்கவில்லை என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு சும்மா தலையாட்டினேன்.

அந்த மார்கழியில் மிஸ் ஒரு வீட்டுவேலை கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே இடத்தில் நின்று, கிழக்கே சிமிட்டாமல் எரியும் வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும், அதுதான் வியாழன். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டால், ஒரு முட்டி என்பது பத்து டிகிரி. பத்து நாளில் வியாழன் ஏறக்குறைய ஒரு முட்டி மேலே ஏறியிருக்கும் என்று அவர் பலகையில் எழுதியதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கிழக்கே கடல்தான் என்றாலும் இருட்டில் அதன் விளிம்பு தெரியாததால், தண்ணீர்த் தொட்டி ஓரம் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் நின்று, கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்தேன். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, மஞ்சளாக, சிமிட்டாமல், ஒரு முட்டி உயரத்தில் இருந்தது. மறுநாளும் ஒரு முட்டி. பதினைந்து நாளும் ஒரு முட்டி. மிஸ்தான் "புருடா" விடுகிறார் என்று முடிவு கட்டி, கண்ணால் கண்டதை அப்படியே எழுதிவந்தேன்.

எதிர் பிளாக் மாடியில் பையன்கள் புறா வளர்த்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. கீழ் வீட்டுக் கலா அக்கா எடுத்திருக்கிறாள். வயசுக்கு வந்த பெண் தினமும் அதே நேரத்துக்கு மாடியேறி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ப்பக்கம் கையைத் தூக்கிக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டாள்.

அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் "செக்கிங்" பிரிவில் இருந்தாள். சட்டைகளை டேப் வைத்து அளப்பதும் பிசிறு தேடுவதுமே வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. என்னை அடிக்கவில்லை, நோட்டைக் கேட்டு வாங்கினாள். பதினைந்து வரிகளையும் விரலால் தடவிக்கொண்டே படித்தாள்.

"பதினஞ்சு பீஸும் ஒரே அளவுன்னு எவளாவது எய்திக் குட்த்தா, அவ டேப்பையே தொடலன்னு அர்த்தம். நீ மாடில இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

அளந்தேன் என்று அழுதேன். நம்பவில்லை. அரைப்பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி மாத்தூர் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள் அம்மா. எனக்கு அந்த வியாழன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தவள், முகம்கூடக் கழுவாமல் என்னோடு மாடியேறினாள். கோட்டில் நின்று, எப்படிக் காட்டினேனோ அப்படியே கையை நீட்டி அளந்தாள். ஒரு முட்டி. அதற்கு மேலே இன்னொரு வெளிச்சம் இருந்தது. அது என்ன என்றாள். ஏதோ நட்சத்திரம் என்றேன். அதையும் அளந்து மனதில் வைத்துக்கொண்டாள். ஒரு நாளோடு விடுகிறவளா? ஐந்து நாள் வந்தாள். மேலே இருந்தது அரை முட்டி ஏறிவிட்டது. கீழே இருந்தது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆறாம் நாள் அதைக் காணவே காணோம். மேலே ஏறியதுதான் வியாழன்; துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நின்ற ஏதோ ஒரு கப்பலின் விளக்கை நான் இத்தனை நாளும் வியாழன் என்று அளந்திருக்கிறேன். கைப்பிடிச் சுவர் கண்மட்டத்துக்குக் கீழே இருந்ததால், கடலில் நின்ற விளக்கே அதற்குமேல் ஒரு முட்டியாகத் தெரிந்திருக்கிறது.

அவமானத்தில் நோட்டைக் கிழிக்கப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திருப்பி மிஸ் சொன்னதைப் படித்தாள், திரும்பவும் என் வரிகளைப் படித்தாள். கீழே இறங்கும்போது படிக்கட்டில் கலா அக்கா நின்றிருந்தாள். அம்மா நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பொய் சொல்றவளா இருந்தா, இதப் பாத்து ஏத்தி ஏத்தி எய்திருப்பா. என் பொண்ணு அளந்துகீறா, கலா. தப்பா அளந்துகீறா."

தப்பு என்ற சொல் அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. பள்ளிக்கூடம் நிற்கவில்லை.

அந்தப் பிளாக்குகளை இடித்துவிட்டார்கள். புதிதாக வந்த கட்டடங்களில் மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். நான் இப்போது திருவொற்றியூரில் அறிவியல் மிஸ். அதே வீட்டுவேலையைத்தான் கொடுக்கிறேன். போன மாதம் வந்த நோட்டுகளில் எல்லா எண்களும் சரி, எல்லாம் அழகாக ஏறிக்கொண்டே போகின்றன, எல்லாம் செல்போனில் இருந்து எடுத்தவை. செக்கிங்காரியின் மகளுக்கு அது தெரியாதா? தப்பாக அளந்த நோட்டு ஒன்றுகூட வருவதில்லை.

ஒரு பெண்ணின் நோட்டில் மட்டும் மூன்று நாள் இருந்தது, பிறகு வெற்றுத்தாள். மூன்றும் தாறுமாறான எண்கள். ஏன் நிறுத்தினாய் என்றால், வீட்டில் மாடிக்கு விடமாட்டேன் என்கிறார்களாம். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா கதவைப் பாதி திறந்து, தலை முதல் கால்வரை என்னை அளந்தாள். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்பவேண்டாம், நீங்களே மாடிக்கு வந்து ஒரு தடவை கையை நீட்டிப் பாருங்கள் என்றேன். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.