கட்டிக்கு வெட்டிய எட்டு அட்டைகள்

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். மலாய்க்கார லேடி டாக்டர், கதவோரம் ஃபைலோடு நின்ற நர்ஸ், மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரின் தையல் தொழிற்சாலையில் என் வரிசைக்குச் சூப்பர்வைசரான அக்கா, அப்புறம் நான். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். மேசைமேல் நான் வெட்டிக் கொண்டுபோன எட்டு அட்டை வட்டங்கள் கிடந்தன.

மார்பில் கட்டி எனக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு வயதில் ஒன்றை எடுத்தார்கள். நாலு வருஷம் கழித்து மறுபக்கம் ஒன்று. இரண்டுமே கெட்ட கட்டி இல்லை. மூன்றாம் தடவை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஜோடியாக வந்தன. ஊசி குத்திச் சோதித்து, இதுவும் கெட்டதில்லை என்றார்கள். எடுத்தாலும் சரி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டு அப்படியே விட்டாலும் சரி, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளிடம் முடிவு பண்ணச் சொன்னால்? அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவள் நான். விட்டுவைத்தால் நாளைக்குக் கெட்டதாக மாறிவிடுமோ என்று பயம். வெட்டினால் இன்னும் இரண்டு தழும்பு. பழைய தழும்பு ஒன்று தடித்துப்போய், மிஷினில் கை நீட்டும்போதெல்லாம் இழுக்கும்.

அக்கா என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அவருக்கு எதிலும் சந்தேகம் கிடையாது. "எடுத்துடுலா. வீட்ல கரையான் வந்தா பாத்துக்கிட்டா உக்காந்திருப்ப?" என்பார்.

இடப்பக்கக் கட்டி வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டியைத் தடவிப் பார்த்து, அந்த அளவுக்கு ஓர் அட்டை வெட்டினேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும், முந்தின வார அட்டையை வைத்துக் கோடு போட்டுப் புது அட்டை வெட்டி, கட்டியின்மேல் வைத்துப் பார்த்தேன்; இருந்த பயத்தில் ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்துகிற மாதிரியே பட்டது. எட்டு வாரத்தில் இருபது காசு நாணயம் அளவு வட்டம் ஐம்பது காசு நாணயம் அளவாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. ஆப்பரேஷனுக்கு நாள் கேட்கத்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் வட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று காலை எடுத்த ஸ்கேனில் கட்டி ஆறு மாதத்துக்கு முந்தின அதே அளவுதான் என்றார். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் அக்கா சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தார்.

"அடிப்பாவி. அசல் அட்டைய விட்டுட்டு, நகல வச்சு நகல் வெட்டினியா? ஒவ்வொரு தடவையும் பென்சில் கோடு அளவுக்குப் பெருசாகும்னு நேத்து வேலைக்கு வந்தவளுக்குக்கூடத் தெரியுமே. பதினோரு வருஷம் என்னத்த தச்ச?"

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சிரித்து முடித்த அக்கா, "சரி, வந்தது வந்துட்டோம், நாள் வாங்கு" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் டாக்டர். ஆறு மாசம் கழிச்சு வரேன்" என்று மலாயில் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா தனியாகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் அவர் வேலையை விட்டு, மகளோடு இருக்கப் பாலோ என்ற ஊருக்குப் போய்விட்டார். நான் நாள் தவறாமல் ஸ்கேனுக்குப் போனேன். போன வருஷம் இடப்பக்கம் உண்மையிலேயே வளர்ந்திருந்தது. எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் செய்தேன். நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஆப்பரேஷன் அன்று காலை அக்கா பாலோவிலிருந்து வந்துவிட்டார். கையெழுத்துப் போடும் நேரத்தில் டாக்டர் கேட்டார். வலப்பக்கம் வளரவில்லைதான், ஆனாலும் ஒரே மயக்க ஊசி, விருப்பப்பட்டால் அதையும் எடுத்துவிடலாம் என்றார். அக்கா வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கைப்பையைத் தன் மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. "ஒண்ணு போதும் டாக்டர்" என்றேன்.