பிரேக் இல்லாத பக்கம்

நான் சுலபத்தில் பயப்படுகிற ஆள் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்பிப் பிழைக்கிறவன். அந்த வேனில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன், காலால் உணர்ந்தேன். கூட்டாமல் குறைக்காமல் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு மாலை, ஏழு பேர் உட்காரும் வேன் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கசங்கிய சட்டை. நடு சீட்டில் பள்ளிச் சீருடையில் அவருடைய சின்ன மகள். முன்னால் அவருக்குப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

"மூணு மாசமா கியர் மாறும்போது அடிக்குது சார். யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி ஒரு வெட்டு."

"வேற எங்கயாவது காட்டினீங்களா?"

"ரெண்டு இடத்துல. ரெண்டு பேருமே கியர்பாக்ஸை இறக்கணும்னாங்க."

"தும்மினாலே ஆபரேஷன்னு சொல்ற கூட்டம்."

அவர் சிரிக்கவில்லை. "பிரிச்சு மட்டும் போட்டுடாதீங்க. எங்க வீட்ல எல்லாரும் இதுலதான்..." வாக்கியத்தை முடிக்காமல் சாவியை நீட்டினார்.

கியர் எண்ணெயைப் பார்த்தேன். சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கருகல் வாடை இல்லை. ஸ்கேனரை மாட்டினேன். ஒரு கோளாறும் பதிவாகியிருக்கவில்லை. நான் மட்டும் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். தூங்குகிற குழந்தையைக் கைமாற்றிக் கொடுப்பது போல அத்தனை பதமாகக் கியர் மாறியது.

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்கார்றேன்," என்றேன். மகளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. ஸ்கேனர் திரையை மடியில் வைத்திருந்தேன். வேகம் எழுபதைத் தொட்டது.

டக்!

வண்டி வெட்டி இழுத்தது. திரையைப் பார்த்தேன். பிரேக்: ஆன். பிரேக் மிதிபட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் கியரைக் கீழே இறக்கும். அதுதான் அந்த வெட்டு. ஆனால் அவருடைய கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

பிரேக் சுவிட்ச் போயிருக்கும், சின்ன சாமான்தான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஓரமாக நிறுத்தச் சொல்லிப் புதுசு மாட்டினேன்.

மறுபடி எழுபது. டக். பிரேக்: ஆன்.

திரும்பவும் நிறுத்தினோம். நியூட்ரலில் வைத்துக்கொண்டு, சுவிட்சுக்குப் போகும் வயரையே கழற்றிவிட்டேன். இனி யார் மிதித்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மணி ஆறு பத்து. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

அறுபது.

எழுபது...

டக்.

பிரேக்: ஆன்.

கழற்றிய வயரின் முனை அவர் முழங்காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது... என் ஷூவை ஒட்டி ரப்பர் மேட் அமுங்கியது.

ஒரு பாதத்தின் அளவுக்கு.

மெதுவாக... அழுத்தமாக...

பின்னாலிருந்து சின்னக் குரல் கேட்டது.

"அங்கிள், காலைக் கொஞ்சம் நகத்துங்க. அம்மாவுக்கு இடமில்ல."

காலைக் கதவோரமாக இழுத்துக்கொண்டேன்.

"அப்பா... மெதுவாப் போங்கப்பா. அம்மா பயப்படுறாங்க."

அவர் காலை எடுத்தார்.

ஐம்பது. நாற்பது.

மேட் மேலே எழும்பியது.

பிரேக்: ஆஃப்.

வண்டியை ஓரம் கட்டினார். இண்டிகேட்டர் மட்டும் டிக்... டிக்... என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நாலு மாசம் ஆச்சு சார், அவ போயி." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆஸ்பத்திரியில, தூக்கத்துலயே. நான் வேகமாப் போனா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. காலை மட்டும் தரையில அழுத்திக்கிட்டே வருவா. உன் பக்கம் பிரேக் இல்லடி, மேட்டுதான் தேயுதுன்னு கிண்டல் பண்ணுவேன்."

வயரை மாட்டிக் கொடுத்தேன். "கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல. மெதுவா ஓட்டுங்க."

ஒன்றரை மாதம் கழித்து அவர் தனியாக வந்தார். தாடி மண்டிக் கிடந்தது.

"சார், அந்த வெட்டு நின்னு போச்சு."

"நல்லதுதானே?"

"திரும்ப வர வைக்க முடியுமா?"

நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்களாம். மகளை அக்கா வீட்டில் விட்டிருக்கிறாராம். இப்போது வேனில் அவர் மட்டும்தான்.

"எண்பதுல போனேன். நூறுல போனேன். வழவழன்னு ஏறுது சார்."

"எதுக்கு அப்படி ஓட்டுறீங்க?"

"மிதிப்பாளான்னு பார்க்கத்தான்."

மறுக்க மனம் வரவில்லை. அதே சாலை. இந்த முறை நான் பின்னால் உட்கார்ந்தேன். முன்சீட்டைக் காலியாக விட்டோம். எழுபது, எண்பது, நூறு... ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அவர் சாலையைப் பார்த்ததைவிட அந்த மேட்டைத்தான் அதிகம் பார்த்தார். நான் தோளைத் தொட்ட பிறகுதான் வேகம் குறைந்தது.

"எனக்காகப் பயப்பட மாட்டேங்கிறா சார்," என்றார்.

போன வாரம் வேறொருவர் சின்னக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேன்காரருடைய அக்காவின் கணவர்.

"மச்சான்தான் உங்ககிட்ட காட்டச் சொன்னான். பிரேக் லைட் தானா எரியுதுங்க. பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிச்சுச் சொல்றாங்க. ரெண்டு சுவிட்ச் மாத்தியாச்சு."

"எப்பவும் எரியுதா?"

கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல. மருமகளை ஸ்கூல்ல விடப் போறப்போ மட்டும்."

நான் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை.

"என்ன கோளாறுன்னு மச்சான் கேப்பான். என்ன சொல்லட்டும்?"

பானெட்டை மூடினேன். வெகுநேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."