வாய் திறந்த கோப்பு

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி காதில் படித்துச் சொல்லும். அதனால் ஹெட்போன் தலையை விட்டு இறங்காது. நீரேற்று மோட்டார்கள் தாமே எழுதி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு, எந்தக் குழாயில் அழுத்தம் குறைகிறது என்று சொல்வது அவள் வேலை.

அந்தக் குறிப்புகள் சுருக்கிய கோப்புகளாக வரும். மோட்டார் கம்பெனி அவற்றின் பெயருக்குப் பின்னால், கோப்பின் வகையைச் சொல்லும் இடத்தில், ஊரில் இல்லாத ஒரு வாலை ஒட்டியிருந்தது. வழக்கமான வால் என்றால், அவள் கோப்புகளைத் திறக்கும் எடிட்டர் மென்பொருள் தானே விரித்துப் படித்துவிடும். இதைக் கண்டால் உளறும். கம்பெனி கொடுத்த மென்பொருளோ வெறும் படமும் பொத்தானும். அவள் காதுக்கு எட்டாது. பக்கத்து மேசையில் வரைபடம் போடும் அக்காதான் ஒவ்வொன்றையும் திறந்து கொடுப்பாள்.

"இதோ வந்துட்டேன்டி" என்று எழுந்து வருவாள். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஆனாலும் கூப்பிடுகிறவளுக்கு நாக்கு கூசும்.

மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா விடுப்பு எடுத்த அன்று, ரேடியோ அந்த உளறலையே உட்கார்ந்து கேட்டாள். எந்தக் கோப்பைத் திறந்தாலும் தொடக்கத்தில் அதே குறிகள். சந்தேகம் தட்டியது. சாதாரணச் சுருக்கக் கோப்பு ஒன்றை விரிக்காமல் திறந்து கேட்டாள். அதே தொடக்கம்!

"அட, நீயும் அவன்தானா? வேஷம் போட்டுக்கிட்டு வந்து என்னை இவ்வளவு நாள் ஏமாத்திட்டியே!"

எடிட்டரின் கையேட்டில் வழி இருந்தது. படமே இல்லாமல், புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்பது வரை யாரோ பொறுமையாக எழுதியிருந்தார்கள். இந்த வாலோடு வந்தால் இன்ன கருவியால் விரி, சேமிக்கும்போது மறுபடி சுருக்கு என்று அமைப்பில் எழுதினாள். திறந்தாள். பழைய உளறலேதான். முகம் தொங்கிப்போயிற்று. கையேட்டை மீண்டும் கேட்டபோதுதான் தெரிந்தது: தானே விரிக்கும் அந்த வசதியை ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டால்தான் மாற்றம் ஏறும். அணைத்தாள், போட்டாள்.

"மூன்றாம் மோட்டார். அழுத்தம் சரி" என்றது குரல். கையேட்டில் இருந்த முகவரிக்கு, முகம் தெரியாத அந்த மனிதருக்கு, அப்போதே நன்றி எழுதி அனுப்பினாள்.

மறுநாள் அக்கா வந்ததும் வராததுமாக, "கோப்பைக் காட்டு, திறந்து தர்றேன்" என்றாள்.

"வேணாம்க்கா. பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"ஜுரம் விட்டுடுச்சு. என்னடி வேணாம்?"

ஹெட்போனைக் கழற்றி அக்கா காதில் வைத்தாள். மோட்டார் குறிப்பைக் குரல் படிப்பதை அக்கா கடைசிவரை கேட்டாள்.

"அப்போ இனிமே என்னைக் கூப்பிட மாட்டே?"

"கூப்பிடுவேன்க்கா. டீ குடிக்க. இத்தனை நாள் நீங்க செஞ்சதுக்கு நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொன்னதில்ல."

"சொல்லியிருந்தா உதைச்சிருப்பேன்" என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சரி, எந்திரி. இப்பவே போவோம்."